புருவத்தால் பேசிய கண்டக்டர் அக்கா

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என்ன வேலை என்று அம்மா கேட்டபோது, "பேச்சு நின்னுபோனவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல பேச வழி பண்றேன்மா" என்றேன். அம்மா அதைத் தெருத் தெருவாகச் சொல்லி முடித்துவிட்டாள்.

நான் முதன்முதலில் கருவி பொருத்தியது கண்டக்டர் அக்கா வீட்டில். பஸ்ஸில் அவர் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாதாம். நரம்பு நோய் வந்து கை, கால், கடைசியில் குரலும் அடங்கிப்போனது. மிச்சம் இருந்தது வலது புருவம். அதன் மேல் பட்டாணி அளவு சென்சார் ஒன்றை ஒட்டினேன். திரையில் எழுத்து வரிசைகள் மேல் ஒரு வெளிச்சம் இறங்கிக்கொண்டே வரும். வேண்டிய இடத்தில் புருவத்தைத் தூக்கினால் அந்த எழுத்து விழும். வாக்கியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் உரக்க வாசிக்கும். அதற்குள் டீ ஆறிவிடும்.

அந்தத் தாமதம்தான் வினை. பக்கத்திலேயே தையல் மிஷின் போட்டிருந்த அவர் கணவர், ஓர் எழுத்தைப் பார்த்ததுமே மிச்சத்தைத் தானே சொல்லிவிடுவார். 'த' விழுந்தால் தண்ணீர், 'வ' விழுந்தால் வலி. பாசம்தான். ஆனால் அக்கா கிண்டலடிக்கத் தொடங்கிய போதெல்லாம் தண்ணீர்க் குவளைதான் வந்தது.

அக்கா வேலை பார்த்த பஸ்ஸை ஓட்டிய டிரைவர் ஞாயிறுதோறும் வருவார். நான் சென்சாரைச் சரிபார்க்கப் போயிருந்த ஒரு ஞாயிறு, மகளோடு இருக்க வெளியூருக்கே போகிறேன் என்று பையோடு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ரயிலுக்கு நேரமாச்சு, கண்டக்டரம்மா."

வெளிச்சம் ஓடத் தொடங்கியது. 'டி' விழுந்தது.

"டிரைவர் அண்ணே, பத்திரமா போயிட்டு வாங்கங்கறா," என்றார் கணவர்.

அக்கா கண்களை இறுக மூடினார். இல்லை என்று அர்த்தம்.

"அப்ப டிபன் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றா."

மறுபடியும் கண்களை மூடினார். முகமே சிவந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியமும் போய்விட்டால் இனி டிரைவரிடம் எப்போது சொல்வது?

டிரைவர் பையை இறக்கி வைத்தார். "கொஞ்சம் வாயை மூடு மாப்ள. அவங்களே சொல்லட்டும்."

தையல் மிஷின் மிதியில் கணவரின் கால் அப்படியே நின்றது. நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தோம். எழுத்து, மறுபடி எழுத்து. தப்பாக விழுந்ததை அழித்து, திரும்பவும். ரயில் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. டிரைவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் தன் ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தது: "டிக்கெட் எடுத்தீங்களா, இல்ல டிரைவர்னு சொல்லிட்டு ஏறிடுவீங்களா?"

டிரைவர் சட்டைப்பையைத் தடவினார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! ஆயுசுல டிக்கெட் எடுத்த பழக்கமே இல்லையே!"

கணவர் சிரித்த சிரிப்பில் ஊசிநூல் அறுந்தது. அக்காவின் முகத்தில் சிரிப்புக்கு வழியில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது. கணவர் துடைத்துவிட்டார். அது ஏன் என்று இந்த முறை தானே சொல்லப் பார்க்கவில்லை. அக்கா எழுதட்டும் என்று காத்திருந்தார்.