ஆறாவது வேளை

டவர் லைன் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'மெதுவு'. உயர் அழுத்த மின்கம்பி இழுக்கிற வேலையில் முப்பத்தோரு வருடம். ஐம்பது மீட்டர் உயரத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் கால் தொங்க உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே நின்று அவர் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தை: மெதுவா. கல்யாணத்துக்கு லீவு கேட்டு வந்தவனிடமும் அதையே சொன்னார் என்று ஒரு கதை உண்டு. மெதுவு மேஸ்திரியின் கூட்டத்தில் இருபத்திரண்டு பேர். அத்தனை வருடத்தில் ஒருவன்கூட மேலிருந்து விழுந்ததில்லை.

லைன் காட்டுக்குள் போகும் மாதங்களில் அவருக்கு இன்னொரு வேலை சேரும். மலேரியா வராமலிருக்க ஆளுக்குத் தினம் ஒரு மாத்திரை. காலைச் சாப்பாடு முடிந்ததும் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். காட்டாதவனுக்கு இடுப்பு பெல்ட் கிடையாது. பெல்ட் இல்லாதவனுக்கு டவர் கிடையாது.

"என் மாமியார்கூட என்னை இப்படிக் கவனிச்சதில்ல மேஸ்திரி" என்றான் ஒருவன்.

"நீ பொழச்சுக் கிடக்கணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்தா?" என்றார் இவர்.

காட்டைவிட்டு வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் விழுங்க வேண்டும். கடைசி நாள் கடித்த கொசு கொடுத்துவிட்டுப் போனது உடம்புக்குள் பதுங்கியிருக்கும். அதனால் ஊருக்குப் போகிறவன் பையில் இருபத்தெட்டு மாத்திரையை அவரே எண்ணிப் போடுவார்.

டவரில் யாரும் தனியாக ஏறுவதில்லை. ஜோடி உண்டு. மேலே ஒருவன், அவனுக்குக் கீழே ஒருவன், இருவருக்கும் ஒரே கயிறு. தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பொட்டலமும் ஒன்றுதான். ஜோடிக்குள் எது வந்தாலும் சரிபாதி. அதில் மேஸ்திரி, புது ஆள் என்ற பேதம் இல்லை. அவருடைய ஜோடி நெட்டை. ஆறடி இரண்டங்குலம். இருவரும் ஒரே கயிற்றில் பதினெட்டு வருடம். மேஸ்திரியின் ஒரே மகள் நெட்டையைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த மழையில் காட்டு ஓடையின் பாலம் போய்விட்டது. லாரி வரவில்லை. தினசரி மாத்திரை தீர்ந்து பதினோரு நாள் ஆனது. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு பேருக்குக் குளிர் காய்ச்சல்: மேஸ்திரிக்கும் நெட்டைக்கும். விரலில் குத்திச் சோதனை அட்டையில் ரத்தம் வைத்ததில் இரண்டு பேருக்குமே மலேரியாக் கோடு விழுந்தது. மருந்துப் பெட்டியில், நோய் வந்தவனுக்கான மாத்திரை ஒரே ஓர் அட்டைதான் இருந்தது. இருபத்து நான்கு மாத்திரை. வேளைக்கு நான்காக, மூன்று நாளில் ஆறு வேளை. ஒரு ஆளுக்கு.

மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியும். உறையில் எழுதியிருந்ததைப் படித்தார். ஆனால் ஜோடியில் ஒருவன் சாப்பிட இன்னொருவன் பார்த்துக்கொண்டிருப்பது அவர் செய்து பழகாத காரியம். கம்பி வெட்டும் கட்டரை எடுத்து அட்டையை நடுவில் வெட்டினார். ஆளுக்குப் பன்னிரண்டு. ஆளுக்கு மூன்று வேளை.

பலித்தது போலத்தான் இருந்தது. இரண்டாம் நாள் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் இருவரும் டவரில் இருந்தார்கள். ஆறாம் நாள் லாரி வந்தபோது பெட்டி பெட்டியாக மாத்திரை இறங்கியது. நன்றாக நடமாடுகிறவன் போய் நோய்க்கு மருந்து கேட்டால் கூட்டம் சிரிக்கும். இரண்டு பேரும் கேட்கவில்லை. தினசரி மாத்திரையையும் விட்டார்கள். நோய்க்கே சாப்பிட்டாயிற்று, இனிமேல் தடுக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. மற்ற இருபது பேரையும் வழக்கம்போல வாயைத் திறக்கச் சொன்னார் மேஸ்திரி. அவர் வாயைத் திறக்கச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

லீவில் வீட்டுக்கு வந்த எட்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, மறுபடி காய்ச்சல். மகள் மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அம்மா இறந்து நான்கு வருடம். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். காட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றதும் மலேரியாவா என்று அன்றைக்கே கேட்டாள்.

"அதுக்கு அங்கயே சாப்பிட்டாச்சு."

"முழுசாவா?"

"அட்டை காலி" என்றார். அவர் கையில் இருந்த அட்டை காலிதான்.

அவள் அதை நம்பினாள். சனிக்கிழமை தெருமுனை டாக்டரிடம் போனார்கள். வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் அவர். காடு, கொசு என்ற பேச்சை அப்பா எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை, அட்டைதான் காலியாயிற்றே. திங்கட்கிழமை காலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "யாருடா அது பெல்ட் இல்லாம? இறங்குடா" என்று அதட்டினார். அவள் ஆட்டோ பிடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டரம்மா மூன்றே கேள்விதான் கேட்டார்: எங்கே போயிருந்தார், என்ன மாத்திரை, எத்தனை சாப்பிட்டார். மூன்றாவதுக்கு அவளிடம் பதில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் பையைக் கொட்டினாள். சட்டைகளுக்கு நடுவில் அட்டை கிடந்தது. காலிதான். பள்ளங்களை எண்ணினாள். பன்னிரண்டு. ஒரு விளிம்பு முனை மழுங்கி வளைவாக இருந்தது, எதிர் விளிம்பு கட்டர் வைத்த நேர்கோடு.

"பாதி மருந்து கிருமியைக் கொல்லாது. குறைச்சு வெச்சுட்டு மறுபடி பெருக விட்டுடும்" என்றார் டாக்டரம்மா. ரத்தத்தில் கிருமி மிக அதிகம், சிறுநீரகம் தடுமாறுகிறது, மாத்திரை இனி ஆகாது, ஊசிதான் என்று சொல்லிவிட்டு நரம்பு தேடப் போனார்.

மாலையில் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. அவள் அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, மீதி எங்கே என்று கேட்டாள். அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதன்பின் அவர் முகத்தில் வந்த பயத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நெட்டைகிட்ட" என்றார். "போனைப் போடு."

நெட்டை அப்போதும் காட்டோர முகாமில்தான் இருந்தார். இரண்டு நாளாக லேசான சூடுதான், வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை லைன் முடிந்ததும் டவுனுக்குப் போய்க் காட்டிக்கொள்கிறேன் என்று சிரித்தார். மகள் ரத்தம், கிருமி, பாதி மருந்து என்று சொன்னதெல்லாம் அந்தச் சிரிப்பில் வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்பா போனை வாங்கினார். அவர் காதருகே அவளும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், இறங்கு."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. டவரில் மேஸ்திரி அந்தச் சொல்லைச் சொன்னால் முடுக்கிக்கொண்டிருக்கும் போல்ட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்க வேண்டும். ஏன் என்று தரைக்கு வந்த பிறகுதான் கேட்கலாம்.

"சரி மேஸ்திரி" என்றார் நெட்டை.

விடிகாலை ஜீப்பில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தத்தில் மலேரியா இருந்தது, ஆனால் நடக்கிறார், சாப்பிட முடிகிறது. மாத்திரை போதும் என்றார்கள். போன தடவை மருந்து தோற்கவில்லை, பாதியில் நின்றது. ஆகவே அதே மருந்து, இந்தத் தடவை முழுசாக. செவ்வாய் காலை ஏழு மணிக்கு முதல் நான்கு. எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது. புதனும் வியாழனும் காலை ஏழு, மாலை ஏழு. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டார்.

வெறும் வயிற்றில் விழுங்கினால் இந்த மருந்து சரியாக ரத்தத்தில் ஏறாது என்று டாக்டரம்மா அவளிடம் அழுத்திச் சொல்லியிருந்தார். பால், முட்டை, எண்ணெய் சேர்ந்த சாப்பாடு, ஏதாவது கொழுப்பு உள்ளே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை கணக்கில் சேராது. மறுபடி நான்கும் விழுங்க வேண்டும். வேளைக்கு வேளை அவள் போன் செய்தாள். முதலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள், விழுங்கும்வரை லைனில் இருப்பாள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவாள். அப்பா கண் திறக்கும்போதெல்லாம், "எத்தனை ஆச்சு?" என்று கேட்டார். ஒன்று என்றாள். இரண்டு என்றாள். புதன் காலை மூன்று என்றபோது தலையை அசைத்தார். அன்று மாலை நான்கு என்று சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

நெட்டை சாப்பிடச் சிரமப்பட்டார். குமட்டல் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். "அவர் எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிட்டார்னு சொல்லு, எனக்குத் தானா இறங்கும்" என்றார் புதன் மாலை. ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது என்றாள். அன்றைக்கு அது உண்மை.

வியாழன் காலை ஐந்து நாற்பதுக்கு அப்பா இறந்தார்.

ஆறு மணிக்கு அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அழுது ஓய்ந்ததும் போனை எடுத்து யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். முதல் பெயர் நெட்டை.

"அவருக்கு இப்ப வேண்டாம் அத்தை."

"என்னடி பேசற? பதினெட்டு வருஷம் கூடத் தொங்கினவன். அவனுக்கு முதல்ல சொல்லாம யாருக்குச் சொல்றது?"

"இன்னும் ரெண்டு வேளை இருக்கு."

அத்தைக்குப் புரிய வைக்க ஐந்து நிமிடம் ஆனது. சொன்னால் சாப்பிட மாட்டார். சாப்பிடாமல் விழுங்கினால் மருந்து ஏறாது. இல்லை, விழுங்கவே மறந்து பஸ் ஏறிவிடுவார். வழியில் வாந்தி எடுத்தால் எண்ண யாரும் இல்லை. நான்கு வேளையில் நின்றால் மறுபடி அதே பாதிக் கதைதான். "இது பாவம்டி" என்றாள் அத்தை. "ஆமா" என்றாள் மகள். "என் மேலயே இருக்கட்டும். நீங்க யார்கிட்டயும் பேசாதீங்க. கூட்டத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரிஞ்ச மாதிரி."

ஆறு ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி மாடிப்படிக்குப் போனாள். கீழே ஒருத்தி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமி இரண்டு தடவை 'சித்தப்பா' என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை சரியாக வந்தது. நம்பரை அழுத்தினாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"பாலும் ரெண்டு முட்டையும். போதுமா, கோழியையும் முழுங்கணுமா? அவர் எப்படி இருக்கார்?"

"டாக்டர் இன்னும் ரவுண்ட்ஸ் வரலை. முதல்ல போடுங்க."

தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. நான்கு தடவை.

"அஞ்சு ஆச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடு."

"சரி சித்தப்பா."

எட்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். வாந்தி இல்லை.

அந்தப் பகல் நகரவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்துத் தெரு உறவினர்கள், மாலைக்குள் எடுத்துவிடலாம் என்றார்கள். நாளைக்குப் பத்து மணி என்று அவள் சொல்லிவிட்டாள். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றாள். 'வர வேண்டியவருக்கே இன்னும் சேதி சொல்லலையாம்' என்ற முணுமுணுப்பு சமையலறைவரை வந்தது. அத்தை வாயை மூடிக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு நெட்டையிடமிருந்து போன் வந்தது. வீடு முழுக்க அழுகைச் சத்தம். அவள் எடுக்கவில்லை. மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பக் கூப்பிட்டாள்.

"சும்மாதாம்மா. மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு. ஒருதடவை அவர்கிட்ட கொடேன்."

"பேச முடியாது சித்தப்பா. குழாய் போட்டிருக்காங்க." நேற்றுவரை போட்டிருந்தார்கள். "சாயங்காலம் என்ன சாப்பிடப் போறீங்க?"

அவர் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கீழே ஒரு கடையில் நெய் தாராளமாக ஊற்றுகிறார்கள் என்றார்.

ஏழு மணிக்கு அவர் குரலில் விளையாட்டு இல்லை. சாப்பிட்டேன் என்றார். என்ன என்று கேட்டாள், சொன்னார். அவர் எப்படி இருக்கார் என்று கேட்கவில்லை. கேட்காதது அவளுக்கு உறுத்தியது. தண்ணீர்ச் சத்தத்தை எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதற்கு வெகுநேரம் பிடித்தது.

"போயிடுச்சு" என்றார். போனை வைத்துவிட்டார்.

எட்டு மணிவரை மாடியிலேயே உட்கார்ந்திருந்தாள். எட்டு அடித்து ஒரு நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"வாந்தி ஏதாவது?"

"இல்லம்மா. எல்லாம் உள்ளதான் இருக்கு."

அவள் சொல்ல வாயெடுத்தாள்.

"எப்போ?" என்றார் அவர்.

"காலைல. அஞ்சு நாப்பதுக்கு."

"காலைலயா." என்றார். "என்ன சாப்பிட்டீங்கன்னு அதுக்கப்புறமா கேட்ட?"

"ஆமா."

அவர் அவளைத் திட்டவில்லை. போனை எங்கேயோ மெத்தைமேல் போட்டார் போலிருந்தது. ஒரு பெரிய ஆள் அழுகிற சத்தம் தூரத்திலிருந்து வந்தது. அவள் காதிலிருந்து எடுக்காமல் அது அடங்கும்வரை கேட்டாள். காலையிலிருந்து அவள் அழவில்லை, அப்போது அழுதாள்.

"நாளைக்குப் பத்து மணி. நீங்க வராம எடுக்கறதில்ல" என்றாள்.

"இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு பஸ் இருக்கு." மூக்கை உறிஞ்சினார். கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, அவள் கேட்காமலே, "இருபத்தெட்டாம் நாள் மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னாங்க. நடுவுல காய்ச்சல் வந்தா அன்னிக்கே வரச் சொன்னாங்க. போயிடுவேன்" என்றார்.