நாற்பத்தொரு நாள் டிக்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டரக்கா, அவ்வளவுதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கடிதம் டைப் செய்ய வந்தவள். ஒரு நாள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்தாள். அன்றைக்கே கம்பி, திரை, பாஸ்வேர்ட் எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தன. படித்துத் தெரிந்துகொண்டது பாதி, பட்டுத் தெரிந்துகொண்டது மீதி.

பயப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவாள். மகள் பரீட்சைக்குப் போனால் இவளுக்குக் காய்ச்சல் வரும். "உங்கம்மாவுக்கு பயப்பட ஒண்ணும் இல்லன்னா, அதுக்கே பயந்துடுவா" என்று புருஷன் மகளிடம் சொல்வார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த ரகம். ஆனால் நிஜமாகவே பேய் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அங்கே வேலை நடக்கும் விதம் இது. காலை இழந்தவர் வந்தால், வெட்டியது போக மிச்சமிருக்கும் காலைச் சுற்றி மாவுக்கட்டு போட்டு அச்சு எடுக்க வேண்டும். அது மாவண்ணன் வேலை. ஆள் பீமன் மாதிரி இருப்பார், கை மட்டும் பூ மாதிரி. அந்த அச்சை ஸ்கேன் செய்து பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். கால் செய்து முடிக்க எப்படியும் இரண்டு மாதம் ஆகும், அதுவரை அச்சுகளை அடுக்கி வைக்க அங்கே இடம் ஏது? அதனால் மறுநாள் நாலு மணிக்கு மாவண்ணன் அவற்றைச் சுத்தியால் உடைத்துச் சாக்கில் அள்ளிவிடுவார்.

உடைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அலுவலக அறை பீரோவின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் நெட்வொர்க் வழியாகப் பார்க்கக்கூடிய பொதுச் சேமிப்பு. தினமும் வேலை முடிந்ததும் ஒரு புரோகிராம் தானாக ஓடி, ஸ்கேன்களை எல்லாம் அந்தப் பெட்டியில் நகல் எடுத்து வைக்கும். காலையில் ஒரு மெயில் அனுப்பும். அதைப் படித்துவிட்டு, மாவு அறைக் கதவில் தொங்கும் நோட்டில் அவள் டிக் போடுவாள். டிக் இருந்தால் உடைக்கலாம், இல்லாவிட்டால் தொடக்கூடாது. சட்டம் போட்டதே அவள்தான்.

முதல் இரண்டு வருஷம் மெயிலைத் திறந்து படித்தாள். 'நகல் முடிந்தது' என்று ஒரே வரி. மூன்றாம் வருஷத்திலிருந்து திறப்பதை விட்டுவிட்டாள். மெயில் வந்ததா, டிக். நகல் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மெயிலின் தலைப்பு ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் திறக்காமல் இருந்தாள். என்னத்தைச் சொல்ல.

அன்றைக்கு மூன்றரை மணிக்குப் பெரிய கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. உள்ளேயிருந்து யாரோ விரலால் மேசையைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. டிஸ்க் போகப் போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நம்பினால் நம்புங்கள், அவள் பயப்படவில்லை. நகல்தான் இருக்கிறதே என்று தன் மேசைக்கு வந்து பெட்டியின் ஃபோல்டரைத் திறந்தாள்.

கடைசி நகலுக்கு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

மெயில்களைத் திறந்தாள், ஒவ்வொன்றாக, பின்னோக்கி. 'நகல் தோல்வி. அனுமதி மறுக்கப்பட்டது.' எல்லாவற்றிலும் அதே வரி. நாற்பத்தொரு நாளில் அளவு கொடுத்தவர்கள் முப்பத்திரண்டு பேர். அவர்களில் இருபத்தாறு பேரின் அச்சு தூளாகி, சாக்கில் ஏறி, எப்போதோ போய்விட்டது. நேற்று எடுத்த ஆறு மட்டும் மாவு அறையில் இருந்தன. அந்த ஆறுக்கும் அவள் காலையிலேயே டிக் போட்டிருந்தாள்.

மணி மூன்று ஐம்பது. எழுந்து போய் "அண்ணே, உடைக்காதீங்க" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் ஏன் என்று கேட்பாரே. சொன்னால் நாற்பத்தொரு நாளும் வெளியே வரும். முதலில் சரிசெய்துவிடுவோம், பிறகு சொல்லவே தேவையிருக்காது என்று நினைத்தாள். பயந்தவளுக்குப் புத்தி எப்போதும் குறுக்குச் சந்தில்தான் போகும்.

முதலில் கேபிளைப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இடமும் நிறைய இருந்தது. அவள் மேசையிலிருந்து ஃபோல்டர் திறக்கிறது, அப்படியானால் நெட்வொர்க்கும் சரி. கையாலேயே இழுத்துப் போட முடியுமா என்று தன் மேசையிலிருந்து ஒரு சின்னக் கோப்பைப் போட்டுப் பார்த்தாள், பெட்டி ஏற்கவில்லை. யாராவது தெரியாமல் அழித்துவிடுவார்கள் என்று பயந்து, நகல் புரோகிராமைத் தவிர வேறு யாரும் அதில் எழுத முடியாதபடி வைத்தது யார்? அவளே. பென்டிரைவா? வைரஸ் வரும் என்று பயந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதை அடைத்து வைத்தவளும் அவளே. தன் பயமெல்லாம் சேர்ந்து தன்னையே சுற்றி வேலி போட்டிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

மணி நாலு. மாவு அறை வாசல் வரை போனாள். உள்ளே மாவண்ணன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தார். மேடையில் ஆறு அச்சுகள் வரிசையாக நின்றன. அவர் நோட்டைப் பார்த்தார், டிக்கைப் பார்த்தார், சுத்தியை எடுத்தார்.

"என்னம்மா, முகமே சரியில்ல?"



"ஒண்ணுமில்லண்ணே."

"வெயில்ல வந்திருப்ப. தண்ணி குடி" என்றார் அவர்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சுவருக்கு அப்பால் முதல் அடி விழுந்தது. யாருடையதோ? ஆறு பேரில் ஒருத்தி பஸ் கண்டக்டர். முழங்காலுக்குக் கீழே தோல் ஒட்டவைத்த இடம் இன்னும் ஆறவில்லை. முதல் தடவை வலி தாங்காமல் பாதியில் நிறுத்தினார்கள். நேற்று துண்டைக் கடித்துக்கொண்டு அச்சு கொடுத்தாள், சத்தமே இல்லாமல் கண்ணில் நீர் வழிய. போகும்போது, "இதோட முடிஞ்சுதுல்ல?" என்று கேட்டாள். முடிந்தது என்று சொல்லி அனுப்பியவள் கம்ப்யூட்டரக்காதான்.

இரண்டாவது அடி. பிறகு துண்டுகளை மிதித்து நொறுக்கும் சத்தம்.

அப்புறம் அவள் நடக்கவில்லை, ஓடினாள். வாசலில் நின்று, "அண்ணே, நிறுத்துங்க, நகல் இல்ல, நாப்பத்தொரு நாளா நகல் இல்ல, நான் பாக்காம டிக் போட்டேன்" என்று மூச்சு விடாமல் கொட்டினாள். மாவண்ணன் சுத்தியைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மிச்சமிருந்த நான்கு அச்சுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, மேடையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"போ, உன் வேலையப் பாரு" என்றார்.

சொல்லிவிட்ட பிறகு புத்தி நேரானது, அதுதான் கொடுமை. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றால் கதவு இருக்கிறது, சாவிதான் தப்பு. நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் என்ன நடந்தது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டுகளை மாற்றுவது அவள் வழக்கம். அன்று பெட்டிக்கு நுழையும் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றினாள். நகல் புரோகிராமில் மாற்ற மறந்துவிட்டாள், அதற்குள் பழையதே இருக்கிறது. தினமும் அது பழைய சாவியோடு போய்க் கதவைத் தட்டித் திரும்பியிருக்கிறது.

புதியதைப் போட்டாள். மறுபடியும் மறுப்பு. தவறான பாஸ்வேர்டோடு பல தடவை போனதால் பெட்டி அந்தக் கணக்கையே பூட்டி வைத்திருந்தது. பெட்டியின் அமைப்புக்குள் போய்ப் பூட்டை எடுத்தாள். பெரிய கம்ப்யூட்டரை அணைத்து, ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, திறந்தாள். திரை வந்தது. தட்டும் சத்தமும் கூடவே வந்தது.

நகல் ஓட ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் பல்லைக் கடித்தாள். மூச்சு விட்டால் டிஸ்க் நின்றுவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தாள். பதினைந்தில் சத்தம் ஓங்கி, எண் அசையாமல் நின்றது. "போயிடாத, போயிடாத" என்று அதனிடம் கெஞ்சினாள். அசைந்தது. இருபது. இருபத்தாறு, அதாவது அச்சே இல்லாத எல்லாரும் ஏறிவிட்டார்கள். இருபத்தொன்பது. முப்பத்தொன்று.

'ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை.'

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே ஒன்று. மூன்றாம் முறை டிஸ்க் கறகறவென்று இழுத்துவிட்டு ஓய்ந்தது. பிறகு எழவேயில்லை. கோப்பின் பெயரை அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். கண்டக்டருடையது.

மாவு அறைக்குப் போனாள். மாவண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரெண்டு யாரோடதுண்ணே?"

"முதல்ல தச்சரோடது. அப்புறம் கண்டக்டரம்மா."

தச்சருடைய ஸ்கேன் நகலாகிவிட்டது, கண்டக்டருடையதுதான் போய்விட்டது என்று அவரிடம் சொன்னாள். இரண்டாவது அடிக்கு முன்னால் வாய் திறந்திருந்தால், ஏன், நாலு மணிக்கு அவர் கேட்டபோதே திறந்திருந்தால், டிஸ்க் போனால் போகட்டும் என்று அச்சை மறுபடி ஸ்கேன் செய்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்ற மறந்தது குற்றம், மெயிலைத் திறக்காதது குற்றம். ஆனால் கண்டக்டரின் அச்சைத் தூளாக்கியது 'ஒண்ணுமில்ல' என்ற அந்த ஒரு வார்த்தைதான். அதை மாவண்ணனும் யோசித்திருக்க வேண்டும். துண்டுகளை அள்ளிய சாக்கின் வாயைக் கட்ட மனம் வராமல் அப்படியே வைத்திருந்தார்.

"கண்டக்டரம்மாகிட்ட நான் வேணா பேசட்டுமா? கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். பொய்யும் இல்ல" என்றார்.

அது எவ்வளவு சுகமான யோசனை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. அவர் பக்கம் திரும்பாமலே ஃபோனை எடுத்தாள்.

கண்டக்டர் எடுத்ததும், அதற்குள் கால் தயாராகிவிட்டதா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

கம்ப்யூட்டரக்கா சொன்னாள். மெயில், டிக், சுத்தி, எதையும் விடவில்லை. வாசலில் நின்று ஒண்ணுமில்லை என்று சொன்னதையும் சொன்னாள். குரல் நடுங்கியது, நடுக்கத்தோடேயே சொல்லி முடித்தாள்.



"மறுபடியும் மொதல்லேருந்தா?"

"ஆமாம்மா."

"நீங்க அப்பவே சொல்லியிருந்தா?"

"உங்களது இருந்திருக்கும்."

வைத்துவிட்டாள் போல என்று இவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"புண்ணு கொஞ்சம் ஆறட்டும். திங்கக்கெழம வர்றேன்" என்றாள் கண்டக்டர். "துண்டு நானே எடுத்துட்டு வர்றேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. நான் எப்படிக் கத்தறேன்னு பாக்கணும் நீங்க."