ரெட்டைப் பிள்ளைக்காரி வழித்த சுளுக்கு

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். விஷக்காய்ச்சலில் கிடந்த என் கணவர் பிழைத்தால், திண்டிவனத்திலிருந்து நடந்தே திருவண்ணாமலை போய், மலையுச்சித் தீபத்துக்கு என் கையால் நெய் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். பிழைத்து எழுந்தவர் என்னைக் கேலி செய்தார். “மலைன்னா மயிலம்னு நெனச்சிக்கினியா? நாலு படி ஏறி எறங்குறதுக்கு?” எனக்கு வந்த கோபத்தில் அவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செஞ்சியைத் தாண்டியதும் சாலையோர ஜல்லிக் குவியலில் இடறி விழுந்தேன். கையிலிருந்த நெய்த்தூக்கு கவிழாமல் உயர்த்திப் பிடித்ததில் வலது கணுக்கால் மடங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பணியாரமாக வீங்கியது.

“தூக்கைக் குடு, நான் ஊத்திட்டு வர்றேன். நீ பஸ் ஏறி ஊட்டுக்குப் போ” என்றார்.

“உங்களுக்காக வேண்டிக்கினதை நீங்களே ஊத்துவீங்களா? நல்லாருக்குதுங்க நியாயம்!”

எங்கள் பக்கத்தில் சுளுக்கு என்றால் ரெட்டைப் பிள்ளை பெற்றவள் வழித்துவிட வேண்டும். தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் மலைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே கேட்டுப் பார்க்கப் பதறியடித்து ஓடிய என் கணவர், ஒரு பெண்ணைக் கையோடு அழைத்து வந்தார். அந்த அக்கா விளக்கெண்ணெய் தடவி இதமாக வழித்து, துணியால் இறுக்கிக் கட்டினாள். ரெட்டைப் பிள்ளைக்காரி கை வேறு எப்படி இருக்கும்? மறுநாள் காலையே எழுந்து நொண்டி நொண்டி நடந்தேன். அவளும் கூடவே வந்தாள்.

திருவண்ணாமலை போய்ச் சேர்ந்து, மலையில் பாதி ஏறியிருப்போம். மழை பிடித்துக்கொண்டது, பாறையெல்லாம் வழுக்கியது. மூச்சு வாங்க நின்றபோது கேட்டேன். “ரெட்டைப் புள்ளைங்களை யாராண்ட உட்டுட்டு வந்தீங்கக்கா?”

“ரெட்டையா? மூத்தவனுக்கு எட்டு, சின்னதுக்கு அஞ்சு. ரெண்டு புள்ளை பெத்தவங்க இருக்கீங்களான்னுதானேம்மா உன் ஊட்டுக்காரரு கேட்டாரு? அதான் எழுந்து வந்தேன்.”

அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவசரத்தில் உளறியிருக்கிறார். அசடு வழிய நின்றார். அதைக் கேட்ட நிமிஷமே என் கால் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “போதும், எறங்கிடலாம்” என்றார்.

எனக்கு ரோஷம் வந்தது. யார் வழித்தால் என்ன, செஞ்சியிலிருந்து இவ்வளவு தூரம் நடந்தது என் கால்தானே? தூக்கை இடுப்பில் கட்டிக்கொண்டேன். நடக்க முடிந்த இடத்தில் நடந்தேன், முடியாத இடத்தில் உட்கார்ந்து நகர்ந்தேன், பாறைகளில் தவழ்ந்தேன். முழங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது. உச்சியில் என் கையாலேயே தீபக் கொப்பரையில் நெய்யை ஊற்றினேன். அன்றைக்கு இருந்த பெருமை எனக்கு வேறெந்த நாளிலும் இருந்ததில்லை.

ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். அவர் வந்து எதிரில் அமர்ந்து, அத்தனை பேர் பார்க்க, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டார். அந்தக் காலத்தில் புருஷன் பொண்டாட்டி காலைத் தொடுவதாவது!

“உடுங்க, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டுமே” என்றார்.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.