குழாய் திறந்திருக்கும்போது

எங்கள் கட்டடத்தில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வோம். கடைவீதி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. என் மூக்கில் உட்கார்ந்திருப்பதும் அவள் பொருத்தியதுதான். வேலையில் கெட்டி, பேச்சில் கஞ்சம். எதிர்வீட்டில் இருந்தும் "வரேங்க", "ஆமாங்க" தாண்டி அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்தேன். அது பயம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இங்கே சொல்வதில் பாதி, பிற்பாடு அவள் வாயாலேயே கேட்டது.

அவளோடு இருப்பது அம்மா மட்டும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. "நாம பேசுறதெல்லாம் புரியுங்க, வாய்தான் குழறும்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். உண்மையில் அந்த அம்மாவுக்கு வாய் குழறவே இல்லை. தமிழ் காதில் விழுந்தால் புரியும்; ஆனால் நோய் அவருடைய தமிழ்ப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு, பிறந்த மொழியை மட்டும் நாக்கில் விட்டுவைத்திருந்தது. அது மலைக்காட்டுப் பூர்வகுடிகளின் மொழி. வீடு கேட்டு வந்த அன்றே எங்கள் வீட்டுக்காரம்மா கேட்டாராம்: "நீங்க அந்த மலை ஆளுங்க இல்லையே? அவங்களுக்கு மட்டும் நான் வீடு குடுக்கறதில்ல."

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள். முந்தின வீட்டில் விஷயம் தெரிந்துபோய், சாமான்களைக் கொட்டுகிற மழையில் தெருவில் இறக்கிவிட்டார்கள். அப்போது அம்மா நடந்துகொண்டிருந்தார். இப்போது படுத்த படுக்கை. இந்த வீடும் போனால் அம்மாவை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்கிற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

பிழைப்புத் தேடி மலையை விட்டு இறங்கிய நாளிலிருந்து அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் சொந்த மொழியில் பேசுவார்கள். வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்கு எதுவும் கேட்காது. குழாயை மூடினால் வாயையும் மூடிவிட வேண்டும். சின்ன வயதில் அவள் மறந்துபோய்ப் பேசினால், அம்மா உதட்டின்மேல் இரண்டு விரலை வைத்துக் காட்டுவார். லென்ஸ் தேய்க்கும் கல்லிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்குமாம். அந்த வேலை அவளுக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். அங்கே தனக்குத்தானே கொஞ்சம் முணுமுணுத்துக்கொள்ளலாம்.

அம்மா இப்போது நேரம் காலம் பார்க்காமல் பேசினார். குரல் எழும்போதெல்லாம் இவள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தாள். மாடித் தொட்டி காலியானது. "ரெண்டே பேரு, வீட்டுக்குள்ள யானையா குளிப்பாட்டுறாங்க?" என்று வீட்டுக்காரம்மா படிக்கட்டில் நின்று கத்துவார். நாங்கள் சிரிப்போம்.

அதே வீட்டுக்காரம்மாதான் எங்கள் வாசகர் வட்டத்துக்குத் தலைவி. மாதம் ஒரு நாவல், மாதம் ஒரு வீடு. குடிவந்த பாவத்துக்குக் கண்ணாடிக்காரியும் வட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தாள். அந்த மாத நாவல், பாட்டன் பூட்டன் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஒரு பூர்வகுடிக் குடும்பத்தின் கதை. நிலத்தோடு அவர்கள் மொழியும் கரைந்துபோகிறது. அதைப் படித்துவிட்டு வீட்டுக்காரம்மா மூக்கு சிவக்க அழுதிருந்தார்.

"இந்தத் தடவை உன் வீட்லதான். ரொம்ப நாளா சாக்குப்போக்கு சொல்லித் தப்பிச்சுட்டே" என்று அவளிடம் சொன்னார். அவள் முகம் வெளுத்தது. வீடு ஒழுங்காக இல்லையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போனோம். சின்னக் கூடம். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா. அந்தக் கதவில் முதுகு படும்படி நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தேநீர் கொடுக்க எழுந்தவள், கொடுத்த கையோடு அதே இடத்துக்குத் திரும்பினாள்.

"ஒரு மொழி செத்தா ஒரு உலகமே செத்துடுது" என்று வீட்டுக்காரம்மா ஆரம்பித்தார்.

நான் விடுவேனா? "நிலம் போனப்புறம் மொழி எங்க நிக்கும்? ஓடைக்கும் மரத்துக்கும் வெச்ச பேரையெல்லாம் இனிமே எதைக் காட்டிச் சொல்லுவாங்க?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நீ என்னம்மா சொல்றே?" என்று வீட்டுக்காரம்மா கதவோரம் திரும்பிக் கேட்டார்.

"நல்லா இருக்குங்க" என்றாள் கண்ணாடிக்காரி.

அடுத்து, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தன் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அதிகாரிகள் வந்து துரத்துகிற இடத்தை வாசிக்கப் போவதாகச் சொன்னார். அவருக்கு மெதுவாக வாசிக்கத் தெரியாது. "எல்லாரும் வெளியே வாங்க! இந்த நிலம் இனிமே உங்களுது இல்ல! பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணிடணும்!"

உள்ளேயிருந்து அலறல் எழுந்தது. எங்களுக்கு அது வெறும் கூச்சல். மகளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. 'வந்துட்டாங்க, பின்பக்கமா ஓடு, என்ன விட்டுட்டு ஓடிடு' என்று அம்மா கத்திக்கொண்டிருந்தார்.

அவள் குளியலறைக்கு ஓடிக் குழாயை முழுக்கத் திறந்தாள். அலறல் இன்னும் உயர்ந்தது. வாளி நிரம்பி வழிந்தது, குரல் அடங்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்ததாம். அம்மாவுக்குக் குழாய்ச் சத்தம் கேட்டால் பேசலாம் என்று அர்த்தம். மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, இத்தனை நாளும் அம்மாவைப் பேசு பேசு என்று இவளே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"குழாய மூடும்மா, தொட்டி என்னத்துக்கு ஆகும்!" என்று வீட்டுக்காரம்மா கூடத்திலிருந்து கத்தினார்.

மூடினாள். வெட்டினாற்போல அம்மாவின் குரல் நின்றது.

அந்த அமைதி அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். அம்மா, நல்ல கையின் இரண்டு விரலை உதட்டின்மேல் அழுத்தியபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. படுக்கை நனைந்திருந்தது. மகளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கூடம் நிறைய ஆட்கள் இருந்ததையும் மறந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு அந்த மொழியிலேயே உரக்கப் பேசினாள். அம்மா மிரண்டுபோய் அவள் வாயைப் பொத்தப் பார்த்தார்.

வீட்டுக்காரம்மா எழுந்து வந்து கதவருகே நின்றார். நாவல் அவர் கையில் இருந்தது, விட்ட பக்கத்தில் விரல். பின்னால் நான்.

"இது குழறல் இல்லையே" என்றார். "அப்ப நீங்க..."

"ஆமாம்மா. பொய் சொல்லித்தான் குடிவந்தேன்" என்றாள்.

"அவங்க ஏன் இப்படி நடுங்குறாங்க?"

"சார் வாசிச்சதக் கேட்டுட்டு, எங்களக் காலி பண்ண ஆள் வந்துட்டாங்கன்னு நினைச்சுட்டாங்க. இல்லம்மான்னு சொல்றேன். பதிலே பேச மாட்டேங்கறாங்க. குழாய மூடினா வாயையும் மூடிடுவாங்க, மறுபடி ஓடினாத்தான் பேசுவாங்க, அப்படியே பழகிட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "யாரும் காலி பண்ணச் சொல்லலன்னு நான் சொல்றது நெசமாம்மா? அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

வீட்டுக்காரம்மா பக்கத்திலிருந்து விரலை எடுத்தார். நாவலை என்னிடம் திணித்துவிட்டு, என்னை இடித்துக்கொண்டு வெளியே போனார். போச்சு, சாமானைத் தூக்கி எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக்காரி அம்மாவின் தோளை இறுக்கிக்கொண்டாள்.

குளியலறையில் குழாய் திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு, வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

அம்மாவின் விரல்கள் உதட்டிலிருந்து மெல்ல இறங்கின. பேச ஆரம்பித்தார். தொட்டி காலியாகும்வரை வீட்டுக்காரம்மா அந்தக் குழாயை மூடவில்லை.