காளான் குழம்பும் ஒரு நீண்ட ஜெபமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், கூடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். ராஜபாளையத்தில் மில் கிளார்க். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்வதற்குள் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. காலடியில் ஒரு பனையோலைப் பெட்டி. பெட்டி நிறையக் காளான்.

நாற்பத்தொன்று. எண்ணிவிட்டேன். பிரசங்கம் நடக்கும்போதே கூரை ஓடுகளை எண்ணுகிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பெட்டியை மட்டும் சும்மா விடுவாரா?

“மழை விட்டதும் மலையடிவாரத்துல முளைச்சது மாமா. எஸ்தர் ஆசைப்பட்டாளே...” என்றார் மாப்பிள்ளை.

எஸ்தர் என் ஒரே மகள். இப்போது ஐந்து மாதம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். காளான் குழம்பு வேண்டுமென்று ஒரு வாரமாக வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை மாப்பிள்ளையே சுமந்து வந்திருக்கிறார். அரிசிக்கே க்யூவில் நிற்கிற காலம் இது. இதைவிட என்ன வேண்டும்?

நானும் சந்தோஷமாகத்தான் குனிந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

முப்பத்தெட்டு ஒரே ஜாதி. புற்றுக் காளான். சாம்பல் பூத்த குடை, நடுவில் சின்ன மூக்கு, புற்றுக்குள் இறங்கியிருந்த நீளமான கால். சின்ன வயதிலிருந்து தின்றது. பயமில்லை.

மீதி மூன்று?

அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. பால் வெள்ளை. காலைச் சுற்றிச் சின்னதாய்ப் பாவாடை கட்டியது போல ஒரு வளையம். குடைக்கு அடியில், மடிப்புகளில், லேசாகப் பச்சை. ஞானஸ்நானத்துக்கு உடுத்திவிட்ட குழந்தைகள் மாதிரி மூன்றும் சாய்ந்து கிடந்தன. அந்த அழகுதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. இவ்வளவு அலங்காரம் எதற்கு? நல்ல காளானுக்கு இது தேவையா? அல்லது நல்ல காளானிலேயே இப்படியும் ஒன்று உண்டா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் இந்த வாரப் பத்தியின் மொத்த விஷயமும்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். யாரிடம்? மாப்பிள்ளையிடமா? “நீங்கள் கொண்டுவந்தது விஷமாக இருக்குமோ?” என்று எந்த மாமனார் கேட்பார்? நான் தொண்டையைச் செருமி, யோசித்து, மறுபடி செருமுவதற்குள் பெட்டி அடுப்படிக்குப் போய்விட்டது.

பின்னாலேயே போனேன். என் சம்சாரம் அரிவாள்மணை முன்னால் இருந்தாள்.

“இதுல மூணு தனியா இருந்துச்சே, பாவாடை கட்டினாப்புல?”

“எல்லாத்தையும் ஒண்ணாத்தான் நறுக்கினேன். அடுப்படியிலயும் வந்து எண்ணணுமா உங்களுக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. ஆனால் அவளிடம் ஒரு உபாயம் இருந்தது. குழம்பு கொதிக்கும்போது வெள்ளியைப் போட வேண்டும். வெள்ளி கறுத்தால் விஷம். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இதுதான் பரீட்சை. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எஸ்தர் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிய வெள்ளி அரைஞாணை எடுத்து, குழம்பு கொதித்ததும் அடுப்பங்கரைப் புகைக்குள் அப்படியே அதில் இறக்கினாள். செத்த நேரம் கழித்துக் கரண்டியால் தூக்கினாள்.

கறுப்பு.

“அய்யோ” என்றேன்.

“இருங்க... போடுறதுக்கு முன்னாடியே கறுப்பாத்தானே இருந்துச்சு?”

“இருந்துச்சா?”

“இருபது வருசமா துலக்கலையே. ஆனா இம்புட்டுக் கறுப்பாவா இருந்துச்சு?”

இரண்டு பேரும் அந்த அரைஞாணையே பார்த்துக்கொண்டு நின்றோம். இதற்குள் கூடத்தில் எஸ்தர் இலை போட்டுவிட்டாள். “அம்மா, வாசனையே ஆளைத் தூக்குது” என்று குரல் வந்தது. மகளும் அவள் வயிற்றில் இருக்கிறதும் அந்தக் குழம்பைத் தின்னப்போகிறார்கள். மாப்பிள்ளை மனம் கோணக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான்.

ஒரு கரண்டி எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டேன். நான்கு துண்டு. ருசி? சொன்னால் நம்பமாட்டீர்கள், அபாரம். சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னை ஏதாவது செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பரிமாறலாம் என்பது என் திட்டம். ஆனால் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களை எப்படி நிறுத்தி வைப்பது?

வழி ஒன்று இருந்தது. வீட்டுத் தலைவன் ஜெபம் செய்யாமல் எங்கள் வீட்டில் ஒருவரும் சோற்றில் கை வைப்பதில்லை.

கண்ணை மூடினேன். ஆகாரத்துக்காக நன்றி சொன்னேன். கண்மாய் நிறைந்ததற்கு நன்றி சொன்னேன். யுத்தம் முடிய வேண்டும் என்றேன். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களை நினைத்துக்கொண்டேன். மில்லுக்காக, கரி பஸ்ஸுக்காக, அதை ஓட்டுகிறவருக்காக வேண்டினேன். பிறகு சொந்தக்காரர்களை ஆரம்பித்தேன் — பெயர் பெயராக, வன்னியம்பட்டியிலிருந்து.

“அப்பா, ஆமென் சொல்லுங்கப்பா. பசிக்குது.”

“குறுக்கே பேசாதே. கூமாப்பட்டிப் பெரியம்மா பாக்கியிருக்கு.”

பெரியம்மாவின் மூன்றாவது மகனுக்கு வந்தபோது மாப்பிள்ளையின் குரல் கேட்டது. மெல்லிய குரல்.

“மாமா, ஜெபத்தை முடிச்சிருங்க. அந்தக் குழம்பு வேண்டாம்.”

கண்ணைத் திறந்தேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

“எங்க சூப்பர்வைசரோட மலையடிவாரத் தோப்புல பறிச்சது மாமா. மூணு ஒரு மாதிரியா இருந்துச்சு. வேண்டாம்னு எப்படிச் சொல்ல? ‘தீசுகோ, தீசுகோ’ன்னு, எடுத்துக்கோன்னு தெலுங்குல சொல்லிச் சொல்லிக் கையில திணிச்சிட்டாரு. வழியில எறியலாம்னா எஸ்தர் ஞாபகம். இங்க வந்தா, அனுபவப்பட்டவிய, நீங்க பாத்துச் சொல்லுவியன்னு இருந்தேன். நீங்க ஒண்ணுமே சொல்லல.”

“நான் உங்க முகத்துக்காக...” என்றேன்.

எஸ்தர் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “மாமனாரும் மருமகனும் நல்லாத்தான் பொருந்தியிருக்கீங்க. உங்க மரியாதைக்கு நானும் பிள்ளையுமா சாகணும்?” என்றாள். பிறகு துவையலை இழுத்துப் போட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

குழம்பைக் கோழி கொத்தாதபடி கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம். சம்சாரம் எனக்கு ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் கொடுத்தாள். எல்லாம் வெளியே வந்தது. காளானால் வந்ததா, பயத்தால் வந்ததா? உப்புத் தண்ணீருக்கு யாருக்குத்தான் வராது?

திங்கட்கிழமை டாக்டரிடம் போனேன். வெள்ளியை நம்பவே கூடாதாம். முட்டைக்கும் கறுக்குமாம், ஆளைக் கொல்கிற காளானில் பளபளவென்றே இருந்தாலும் இருக்குமாம். “சரி, தின்று பார்த்துவிட்டு...” என்று இழுத்தேன். முறைத்தார். சில காளான் மறுநாள்தான் வேலையைக் காட்டுமாம். அப்படியானால் நான் எத்தனை தலைமுறைச் சொந்தக்காரர்களுக்காக ஜெபித்தாலும் போதாது. தெரியாத காளானைத் தொடாதே, அதற்கு மேல் பரீட்சை இல்லை என்று அனுப்பிவிட்டார்.

அந்த மூன்றும் விஷம்தானா? இன்றுவரை தெரியவில்லை. நான் தின்ற நான்கு துண்டில் அவை இருந்தனவா? அதுவும் தெரியவில்லை. நாற்பத்தொன்று என்ற கணக்கு மட்டும் சரி.

அரைஞாணைப் புளி போட்டுத் துலக்கிவிட்டோம். இனி அது எந்தக் குழம்பிலும் இறங்காது — நாலு மாதம் கழித்து ஓர் இடுப்பில்தான் ஏறும்.