எஞ்சினை அணைக்காத மாஸ்டர்

“இண்டிகேட்டர் போட்டு ஓரமா ஒதுங்குங்க மேடம். எஞ்சினை மட்டும் அணைச்சுடாதீங்க.”

வண்டி நிற்பதற்கு முன்பே மாஸ்டரின் ஒரு கால் தெருவில் இருக்கும். எதிரே பச்சை விளக்கு எரியும் மருந்துக்கடை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே போவார், கடைக்காரரிடம் ஏதோ குழைவார், சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே திரும்பி வருவார். உட்கார்ந்ததும் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, காலடியில் உருண்டு கிடக்கும் பெரிய தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடிப்பார். பாட்டில் பாதியாகும்வரை நாங்கள் கிளம்ப மாட்டோம். “ம், போலாம். கிளட்சை மெதுவா விடுங்க.”

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் அவர் மாஸ்டர். பள்ளி அவருடைய மனைவியின் தம்பிக்குச் சொந்தம். நான் ஐம்பதைத் தாண்டிய பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவள், அதனால் அவருடைய மாணவர்களிலேயே அதிக நாள் குப்பை கொட்டுகிறவள். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக்கின் மேல் அவருடைய பாதம் பூனை மாதிரி படுத்திருக்கும். நான் எதன் மீதாவது ஏற்றப் போனால் பூனை விழித்துக்கொள்ளும். திட்ட மாட்டார். “பழகிடும் மேடம், பழகிடும்” என்பார். சுவரில் உரசினவருக்கும் அதே வார்த்தைதான், சாக்கடையில் சக்கரத்தை இறக்கினவருக்கும் அதேதான்.

மனிதருக்குக் காதில் இரைச்சல். பக்கத்தில் இருக்கிற யாருக்கும் கேட்காமல் அவருக்கு மட்டும் ஓயாமல் கேட்கிற ஒரு ‘ஙொய்’. பயந்துபோய் ஹாரனை அமுக்கினவர்கள் கையை எடுக்க மறந்துவிடுவதை ஆயுள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட காது, வேறு என்ன செய்யும்? ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். தொழிலைக் குறை சொன்னால் மச்சானைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். இரைச்சலை அவர் அளப்பது கியர் கணக்கில்.

“காலையில எழுந்திரிக்கும்போது செகண்ட்ல இருக்கும் மேடம். மத்தியானம் தேர்ட். ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் படுத்தோம்னா டாப் கியர்தான். பிரேக் மட்டும் வைக்காம விட்டுட்டான் பாருங்க, அவன்.”

அவன் என்று மேலே கட்டைவிரலைக் காட்டினார். மேலே இருந்தது காரின் கூரையும், அதன் மேல் மச்சானின் போன் நம்பர் எழுதிய பலகையும்தான்.

காது டாக்டரிடம் போனார். டாக்டர் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, மணியடித்துப் பார்த்து, எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: “இதை அப்படியே நிறுத்தறதுக்கு மாத்திரைன்னு எதுவும் இல்ல. போகப் போகப் பழகிடும்.” மாஸ்டருக்கு வந்ததே கோபம்! தன் சரக்கைத் தனக்கே விற்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? “நான் என்ன கிளட்ச் மிதிக்கத் தெரியாமயா அவர்கிட்ட போனேன்?” என்று என்னிடம் கேட்டார். நான் அப்போது கிளட்ச் மிதிக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எதற்கோ ரத்தம் எடுத்ததில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. வேறொரு டாக்டர் வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் என்று அறுபதாயிரம் யூனிட் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதே சமயத்தில் மாஸ்டரின் போனில் ஒரு வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் தோன்றினார். காதுக்குள் குட்டி எலும்புகள் இருக்கின்றன, எலும்புக்கு வேண்டியது வைட்டமின் டி, ஆகவே காது இரைச்சலுக்கு மருந்து வைட்டமின் டி என்று மூன்றே வாக்கியத்தில் கதையை முடித்துவிட்டார். முதல் மாத்திரையைப் போட்ட அன்று காலையில் மாஸ்டருக்கு இரைச்சலே கேட்கவில்லையாம். அன்று அவர் வீட்டு வாசலில் இயந்திரம் வைத்துச் சாலையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

“வாரத்துக்கு ஒண்ணு போட்டா எப்ப ஊர் போய்ச் சேர்றது மேடம்? ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டற மாதிரி இருக்கு.” ஆகவே தினம் ஒன்று. இரைச்சல் தேர்டைத் தாண்டினால் இரண்டு.

கிடைத்த ஞானத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளும் ரகமும் இல்லை அவர். மேட்டில் வண்டி பின்னால் உருண்டால் எனக்கு டி குறைவு. காரை வழிமறித்துத் திட்டிய லாரி டிரைவருக்கு டி குறைவு. சிவப்பு விளக்கு மாறத் தாமதமானாலும் அவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், அதற்கும் குறைவோ என்று. “நாள் முழுக்க ஜன்னல் ஓரம் வெயில்லதானே மாஸ்டர் இருக்கீங்க?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். ஜன்னல் பக்கத்துக் கையை நீட்டிக் காட்டினார். கருத்துப் போயிருந்தது. இன்னொரு கையை அதன் பக்கத்தில் வைத்தார். வேறு யாருடைய கையோ மாதிரி வெளுத்திருந்தது. “வெயில் இந்த ஒரு கைக்குத்தான் படுது. இதுல ஊறின வைட்டமின் தோளைத் தாண்டிக் காதுக்கு ஏற வேண்டாமா?” என்றார்.

ஒரு கடையில் வாங்கினால் அடுத்த அட்டைக்கு அதே கடைக்காரர் முகம் சுளிப்பார் அல்லவா? அதனால் கடை கடையாகப் பிரித்து வாங்கினார். எங்கள் பாடத்திட்டம் அப்படித்தான் உருவானது. ஸ்டேஷன் சாலை மருந்துக்கடை வரை போனால் நேராக ஓட்டும் பாடம். பள்ளிக்கூடத்து முனைக் கடை என்றால் திரும்பும் பாடம். ஆஸ்பத்திரி எதிர்க்கடை வாசலில் எப்போதும் நெரிசல், அதனால் அங்கே இரண்டு வண்டிக்கு நடுவில் நுழைத்து நிறுத்தும் பாடம். பிறகு தாகமும் அதன் கூடப்பிறந்த உபாதையும் அதிகமாகிவிட்டதால், பெட்ரோல் பங்குகளும் பாடத்தில் சேர்ந்தன. “உடம்பு சுத்தமாகுது மேடம்” என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் ஓடுவார். ரவுண்டானாவைச் சுற்றி மருந்துக்கடை ஏதும் இல்லாததால் நாங்கள் யாரும் அதைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

எங்கே நிறுத்தினாலும் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி வீக் என்று காரணம் சொல்வார். பெட்ரோல் வீணாகிறது என்று மச்சான் சத்தம் போட்டு, புது பேட்டரியும் வாங்கிப் போட்டுவிட்டார். அப்புறமும் அதே கதைதான். ஒருநாள் ஆளில்லாத தெருவில் நானே கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை நிறுத்தித் தொலைத்தேன். குலுங்கி எஞ்சின் அணைந்தது. வேறு மாஸ்டராக இருந்தால் திட்டியிருப்பார். இவர் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். “சீக்கிரம் ஸ்டார்ட் பண்ணுங்க மேடம். வண்டி நின்னாத்தான் அது முழுசாக் கேக்குது.” மறுபடி எஞ்சின் உறுமியதும் அவர் தோள்கள் இறங்கின. அன்றைக்கு எனக்குக் கேலி மறந்துபோயிற்று. பாவம், அந்த மனிதர் வேண்டியதெல்லாம் சத்தமில்லாத ஒரு நிமிஷம்.

வீட்டில் எஞ்சின் கிடையாது. அதனால் டிவி, மேஜை விசிறி, தலைமாட்டில் ரேடியோ என்று ஏதாவது ஒன்று எந்நேரமும் அலறிக்கொண்டிருக்கும். அவர் மனைவிக்கோ மிக மெல்லிய குரல். “கல்யாணத்தப்போ எல்லாரும் அதைத்தான் மெச்சினாங்க மேடம்” என்றார் மாஸ்டர், இன்றைக்கு அதுவே வினையாகிவிட்ட வருத்தத்தோடு. வீட்டில் பேசினால் கேட்காது என்பதால் அந்த அம்மா அவரைக் காரில் இருக்கும்போது போனில் கூப்பிடுவார். மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டு முழுச் சத்தம் வைப்பார். அவர்கள் குடும்ப விஷயம் முழுவதும் மாணவர்களுக்கு அத்துப்படி.

“என்னங்க, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போறீங்க. சரியாச் சாப்பிடறதும் இல்ல. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோம்.”

“அந்தாளு பழகிக்கோன்னு சொல்வாரு. அதைக் கேக்க வரிசையில உக்காரணுமா?”

“சரி, உங்ககிட்ட ஒண்ணு பேசணும். வீட்டுக்கு வாங்க.”

“வீட்ல எனக்கு என்ன கேக்குது? இப்பவே சொல்லு.”

“வண்டியில ஆள் இருக்காங்க. ஒண்ணுமில்ல, விடுங்க.”

இந்த ‘ஒண்ணுமில்ல’வை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒன்றுமில்லாத குரலாக அது ஒரு தடவையும் இருந்ததில்லை.

நாளாக ஆக மாஸ்டர் சோர்ந்து போனார். வலது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இடது என்றார். வாய் உலர்ந்து போகிறது, வயிறு கல்லு மாதிரி இருக்கிறது என்பார். வைட்டமின் இரைச்சலோடு சண்டை போடுகிறது, சண்டை என்றால் சேதாரம் இருக்கத்தானே செய்யும் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். பிரேக் மேல் இருந்த பூனை மெல்லத் தூங்க ஆரம்பித்தது. ஒரு சைக்கிள்காரர் என்னிடமிருந்து மயிரிழையில் தப்பியபோது மாஸ்டர் கண்ணைத் திறக்கவே இல்லை.

என் டிரைவிங் டெஸ்டு வந்த அன்று அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவருக்குப் பதிலாக மச்சான் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் தேர்வதிகாரி. “நேரா போங்க” என்றார். போனேன். ஸ்டேஷன் சாலையில் பச்சை விளக்கு கண்ணில் பட்டது. என் கை தானாக இண்டிகேட்டரைத் தட்டியது, கால் தானாக பிரேக்குக்குப் போனது. வண்டியை மருந்துக்கடை வாசலில், ஓரக்கல்லை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை.

“நான் நிறுத்தச் சொன்னேனா?” என்றார் அதிகாரி.

“இல்ல சார்.”

அவர் பின்னால் திரும்பினார். “உங்க பள்ளியிலிருந்து வர்ற எல்லாரும் இங்கதான் சார் நிறுத்தறாங்க. போன தடவை ஒருத்தர் கதவைத் திறந்து இறங்கியே போகப் பார்த்தாரு. கடைக்காரரோட ஏதாவது ஏற்பாடா?”

மச்சான் அசடு வழிந்துகொண்டிருக்கும்போதே, கூரைப் பலகையைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். “மாஸ்டர் வரலியா? இனிமே அந்த மாத்திரையைத் தர முடியாதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. நம்ம கடையில மட்டும் வாங்கறாருன்னு நினைச்சேன், முனைக் கடையிலயும் வாங்கறாராமே. வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியது சார் அது!”

அதிகாரி என்னைத் தோல்வி என்று எழுதினார். நிறுத்திய விதம் மட்டும் அருமை என்று வாயால் சொன்னார். மச்சானுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. அதிகாரி இறங்கியதும், அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே என்னை சீட் மாற்றி உட்கார வைத்து, அவரே ஓட்டிக்கொண்டு பறந்தார். அன்று அந்த வண்டி எந்த மருந்துக்கடையிலும் நிற்கவில்லை.

ரத்தத்தில் கால்சியம் கண்டபடி ஏறிக் கிடந்தது என்றார்கள் ஆஸ்பத்திரியில். சிறுநீரகம் தப்பித்ததே பெரிய விஷயம் என்றார்கள். மாத்திரையை நிறுத்தி, பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். பார்க்கப் போனபோது எனக்கு மாஸ்டர் மேல் ஆத்திரம்தான் வந்தது. “இங்க டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“வைட்டமின் குறைஞ்சிருந்தா நிரப்பிக்கலாமாம் மேடம், அளவோட. இரைச்சலை அணைக்கற சுவிட்ச் இல்லியாம் அது.” தலையணையில் காதை அழுத்திக்கொண்டார். “அது எப்பவும் போல டாப்லதான் ஓடுது.”

சுவரோரம் நின்ற அவர் மனைவி ஏதோ சொன்னார். பக்கத்து அறையில் டிவி ஓடியது. “என்ன?” என்றார் மாஸ்டர். “ஒண்ணுமில்ல.”

திரும்பி வந்த மாஸ்டர் சட்டைக்குள் பாதியாகியிருந்தார். மச்சான் புதுச் சட்டம் போட்டிருந்தார்: “மாமா, அக்கா பின்னாடி உக்காராம வண்டி கிளம்பாது.” ஆக, தோற்றுப்போன எனக்கு இப்போது இரண்டு பேர் துணை. அந்த அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, காலை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார். பச்சை விளக்கைத் தாண்டியபோது மாஸ்டரின் கழுத்து கடைப் பக்கம் திரும்பி, பின்கண்ணாடியில் மனைவியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ரவுண்டானாவைப் பார்த்தேன். அதைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். “வெளிய வரணும் மேடம், ஏதாவது ஒரு பக்கம்” என்றார் மாஸ்டர். “பழகிடும்.” அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரிவர்ஸ் பழகுவதற்காக ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் நிறுத்தினோம். எஞ்சின் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது. எனக்கே ‘என்னங்க’ என்பது மட்டும்தான் விளங்கியது.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

மாஸ்டர் பின்கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, என் முழங்காலைத் தாண்டி, சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு குலுக்கலோடு அடங்கியது. அவர் தாடை இறுகியது. ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, முழுசாகப் பின்னால் திரும்பி மனைவியின் பக்கம் காதைக் கொடுத்தார்.