கராஜ் வாசலில் பன்னிரண்டு மில்லிமீட்டர்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலம். நார்த்மீட் என்ற புறநகரில் ஒரு வீடு. கூரைத் தண்ணீர்க் குழாய் உடைந்து மண்ணை அரித்ததால், கார் ஏறிவரும் டிரைவ்வேயின் கடைசி கான்கிரீட் ஸ்லாப் கராஜ் தரையை விட முப்பத்தைந்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

வீட்டுக்காரர் அன்று பிற்பகல் இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வருகிறார். முன்வாசலில் படிகள். கராஜ் வழியாகத்தான் அவர் உள்ளே போக முடியும்.

"இண்டைக்கு முடிச்சுத் தந்திடுவியள்தானே?" என்று அவர் மனைவி கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதை நெருங்கியவர். ஊருக்கே அன்ரி; நம்மூர் உச்சரிப்பில் ஆன்ட்டி. தலை நரைத்த நானும் அன்ரி என்றே கூப்பிட்டேன்.

"மதியத்துக்குள்ள முடிச்சிடலாம் அன்ரி." இப்படிச் சொல்லிவிட்டுப் பிறகு கவலைப்படுவது என் வழக்கம்.

முதலில் எண்ணினேன். விரிசல் ஏழு. போட வேண்டிய துளை பதினொன்று. ஸ்லாப்களின் சந்தில் முளைத்த புல்லை எண்ணவில்லை என்று எழுத ஆசைதான். எண்ணினேன். ட்ரக்கில் பம்ப்பைக் கவனித்துக்கொண்டிருந்த என் உதவியாள் சிவம், "அண்ணை, புல்லுக்கும் கொட்டேஷன் குடுப்பமோ?" என்றான்.

எங்கள் வேலை எளிது. ஸ்லாப்பில் துளை போட்டு, சூடாக்கிய ரசாயனக் கலவையைத் துப்பாக்கி போன்ற கன் வழியாக அடியில் செலுத்தினால், அது நுரையாக விரிந்து ஸ்லாப்பைத் தூக்கும். குளிர்காலத்தில் மண் சில்லிட்டிருப்பதால் நுரை தாமதமாக விரியும். ஆகவே கொஞ்சம் விட வேண்டும், நிறுத்த வேண்டும், மட்டம் காட்டும் லேசர் லெவலைப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதை நான் சலிக்கச் சலிக்கச் சொன்னதுண்டு.

பத்துத் துளைகள் ஒழுங்காக முடிந்தன. கராஜை ஒட்டிய கடைசித் துளையில் கன்னை வைத்து ட்ரிகரை அழுத்தியபோது, அன்ரி தேநீரோடு வந்தார்.

"தம்பி இந்தியாவோ? எவடம்?"

பெரியவர்கள் கேட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. அது எனக்குச் சின்ன வயதிலேயே காதைத் திருகிச் சொல்லித்தரப்பட்ட பாடம். முழங்காலில் இருந்தபடியே அவர் பக்கம் முழுதாகத் திரும்பி, "திருச்சி, அன்ரி," என்றேன். முகம் திரும்பியது, விரல் ட்ரிகரிலேயே இருந்தது.

"திருச்சியில எவடம்?"

"உறையூர்."

"அங்க எங்கட சித்தப்பா இருந்தவர். கண்ணாடி போட்டவர். தெரியுமே?"

கண்ணாடி போட்ட உறையூர்க்காரர்களை மனத்துக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கினேன்.

"அண்ணை! நிப்பாட்டுங்கோ! எழும்புது!" என்று சிவம் கத்தினான்.

விரலை எடுத்தேன். நுரை என்னைக் கேட்டா விரிகிறது? தாமதமாக, நிதானமாக, ஸ்லாப் மேலும் எழுந்தது. கராஜ் தரையை விடப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரம். பள்ளத்தை மூடச் சொன்னார்கள்; நான் படி கட்டிக் கொடுத்திருந்தேன். எழுந்த ஸ்லாப்பை அழுத்தி இறக்க வழியில்லை.

"இனி ஐயா எப்பிடி உள்ள வாறது?" என்று கேட்டார் அன்ரி.

தூசி உறிஞ்சும் கிரைண்டரை இறக்கி, விளிம்பைச் சரிவாகத் தேய்க்கத் தொடங்கினேன். சாப்பிடவில்லை. முட்டி இரண்டும் மரத்துப்போயின. வேலை முடியும் முன்பே வீல்சேர் டாக்சி வந்து நின்றது. போர்வை சுற்றிய பெரியவரைக் குளிர்காற்றில் இறக்கினார்கள். கடைசி விளிம்பைப் பார்க்க கிரைண்டரை நிறுத்தி, குனிந்து மட்டப்பலகையை வைத்தேன்.

"தம்பி எவடம்?" என்றது பின்னாலிருந்து நடுங்கிய குரல்.

நான் திரும்பவில்லை. "வேலை முடிஞ்சதும் சொல்றேங்கய்யா."

"உவர் முகத்தையும் திருப்பிறார் இல்லை. என்ன மனுசனப்பா!" என்றார் பெரியவர்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ," என்றார் அன்ரி. "அந்தாள் திரும்பினா என்ன நடக்கும் எண்டு எனக்குத்தான் தெரியும்."

இன்னும் நாலு முறை தேய்த்தேன். பிறகு சிவம் நாற்காலியைத் தள்ளினான். சக்கரங்கள் ஒரு குலுக்கலும் இல்லாமல் உள்ளே போயின. அதற்குப் பிறகுதான் எழுந்து, கையைத் துடைத்து, அவர் முகத்தைப் பார்த்து, "உறையூருங்கய்யா," என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: யார் ஊரைக் கேட்டாலும் தாராளமாகச் சொல்லுங்கள். முதலில் விரலை எடுங்கள்.